போல்ட் கரகரக்கிறது என்றால் ஸ்டீல் மட்டம் என்று அர்த்தமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் ரைஃபிள் கிளப்பில் 50 மீட்டர் பிரிவில் சுடுகிறாள். உரிமத்தோடு வாங்கிய பழைய .22 போட்டித் துப்பாக்கி. கொஞ்ச காலமாகவே போல்ட், அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் உருளை, அதன் கைப்பிடியைத் தூக்கும்போது கரகரவென்று கடிக்கிறது. கழற்றிப் பார்த்தால் லக்கின் (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் பக்கவாட்டு நீட்டலின்) பின்முகத்தில் இழுத்துக் கிழித்த கோடுகள், ஓரத்தில் பிசிறு. தெரிந்த லேத் பட்டறைக்காரர், “ஸ்டீல் மட்டம், வெல்டு வச்சு அரைச்சுத் தரேன்” என்றாராம். இன்னொருவர் ஹார்டு குரோம் போடச் சொன்னாராம். எதைச் செய்யலாம் என்பது கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரும்பே மட்டமா, அல்லது நல்ல இரும்பு தேய்ந்துவிட்டதா என்பது ஒன்று. சரிசெய்ய முடியுமா என்பது இரண்டு. நீங்கள் எழுதாமல் விட்டது மூன்றாவது: நாளைக் காலை மகள் அந்தத் துப்பாக்கியோடு சுடப் படுக்கலாமா? அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் திருச்சியில் உலோகவியல் படித்தவன். அதற்கப்புறம் வேலை முழுக்க துவாக்குடி பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையிலும் பரிசோதனைக் கூடத்திலும்தான். கியர், ஷாஃப்ட், பின், கேம் என்று தேய்ந்ததும் உடைந்ததுமான பாகங்களை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். துப்பாக்கி பழுது பார்ப்பவன் இல்லை. ஆகவே உலோகத்தைப் பற்றிச் சொல்வதைத் தயங்காமல் சொல்கிறேன். உங்கள் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதை, கையில் எடுத்துப் பார்க்காதவன் சொல்லும் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மகளின் பாதுகாப்பு. அந்தத் துப்பாக்கியில் சமீபத்தில் வெடித்த காலித் தோட்டாக்கள் பத்துப் பதினைந்து கிடைத்தால் எடுத்து வெளிச்சத்தில் வைத்து அடிவிளிம்பைப் பாருங்கள். .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. விளிம்பு எல்லாத் தோட்டாவிலும் ஒரே சீராகத் தட்டையாக இருந்தால் கொஞ்சம் நிம்மதி. ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ, விளிம்பில் கீறல் ஓடியிருந்தாலோ, சுடும்போது முகத்தில் புகையோ துகளோ அடித்ததாக மகள் சொன்னாலோ, துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிடுங்கள். போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு உட்காரும் இடத்துக்கும் இடையிலான அளவை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். .22 லாங் ரைஃபிளுக்கு அது 0.043 முதல் 0.046 அங்குலம் வரை, அதாவது 1.1 மில்லிமீட்டரை ஒட்டியது. லக் தேய்ந்தால் இந்த அளவு கூடும், விளிம்புக்குப் பின்னால் ஆதரவு குறையும். கேஜ் வைத்து அளந்தால்தான் இது உறுதியாகத் தெரியும். விளிம்பு நன்றாக இருப்பது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். அதை அளவுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்து லேத் பட்டறை. அந்த மனிதர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைச் செய்வதை மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் தடுக்கிறது. போல்ட்டைத் தனியாகக் கழற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது ஆயுதத்தின் பாகம்தான். நல்ல எண்ணத்தில் செய்கிற வேலைக்கு அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி அல்லது கிளப்பின் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர் வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, இரும்புக்கு வருவோம். நீங்கள் வர்ணித்த கிழிசலும் பிசிறும் பட்டறைகளில் “கடிச்சிருச்சு” என்போமே, அந்த வகைத் தேய்மானம். எவ்வளவு வழவழப்பாக அரைத்த பரப்பும் நுண்ணோக்கிக்கு மேடு பள்ளம்தான். இரண்டு பரப்பை அழுத்தினால் மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும், மொத்தப் பாரமும் அந்த நுனிகளில் ஏறும். அங்கே எண்ணெய்ப் படலமும் ஆக்சைடு படலமும் கிழிந்துவிட்டால் இரும்பும் இரும்பும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைத் திருப்பும்போது ஒட்டிய இடத்தில் பிரியாமல் அதன் பக்கத்தில் பிய்யும். பிய்ந்த துணுக்கு அழுந்தி அழுந்தித் தாய் உலோகத்தைவிடக் கடினமாகி எதிர்ப்பரப்பைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் இன்னும் உயரமான மேடுகள் உண்டாகும். அதனால்தான் ஒருமுறை கடிக்கத் தொடங்கியது தானாகத் தேய்ந்து சரியாவதில்லை, நாளுக்கு நாள் மோசமாகும்.

இது நடக்க ஸ்டீல் மட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வகை இரும்பு, ஒரே கடினம், இரண்டு பக்கமும் பளபளப்பு, நடுவில் எண்ணெய் இல்லை என்றால் உயர்தர ஸ்டீலும் கடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஸ்டெயின்லெஸ் இன்னும் மோசம். அதைத் துருவிலிருந்து காக்கிற குரோமியம் ஆக்சைடு ஏடு மிக மெல்லியது. பாரத்தோடு உரசும்போது அது கிழிந்தால், புதிய ஏடு படிவதற்குள் உலோகங்கள் ஒட்டிவிடும். உரசும் ஜோடியில் ஒன்றை மற்றதைவிடக் கொஞ்சம் கடினமாகவோ வேறு வகையாகவோ வைப்பது இதற்காகத்தான்.

கடி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுடும் நொடியில் .22 தோட்டாவின் அழுத்தத்துக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பு 24,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அடிப்பரப்பு சிறியது என்பதால் போல்ட்டில் விழும் விசை சில நூறு கிலோ அளவில்தான் நிற்கும். .308 போன்ற பெரிய தோட்டாவுக்கு வரம்பு 62,000 பி.எஸ்.ஐ., விசை மூன்று டன்னைத் தாண்டும். ஆனால் நீங்கள் கைப்பிடியைத் தூக்கும்போது குழாயில் அழுத்தமே இல்லை. திறக்கும்போதே ஸ்ட்ரைக்கரை, அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை, பின்னுக்கு ஏற்றும் வகைப் போல்ட் என்றால், அப்போது கையை எதிர்ப்பது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்தான். அந்த ஸ்பிரிங்கின் பாரம் முழுவதும் போல்ட்டின் உள்ளே இருக்கும் சின்னக் கேம் சரிவில், அதாவது கைப்பிடியின் திருப்பலை ஸ்ட்ரைக்கரின் பின்னோக்கிய நகர்வாக மாற்றும் சரிவில், விழுகிறது. ஆகவே கரகரப்பு வருவது லக்கிலிருந்துதானா என்பதே எனக்குச் சந்தேகம். கேம் சரிவையும் அதில் ஏறும் முனையையும் துடைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் சின்ன லென்ஸ் வைத்துப் பாருங்கள். மங்கலான சாம்பல் திட்டும், நகம் மாட்டுகிற கீறலும் அங்கே இருந்தால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. லக்கிலும் பாருங்கள். இரண்டு லக் உள்ள போல்ட்டில் ஒன்று மட்டும் பளபளவென்று தேய்ந்து மற்றது கருப்புப் பூச்சோடு அப்படியே இருந்தால், பாரம் ஒரே லக்கில் ஏறுகிறது. அது அளவுப் பிசகு. அதற்கும் ஸ்டீலின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது வகைத் தேய்மானம் தூசியால் வருவது. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நெல் உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. மன்னார்குடி, திருவாரூர் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவரைக் கேளுங்கள், உமி ஊதும் குழாயில் வளைவு எத்தனை சீக்கிரம் ஓட்டையாகிறது என்று சொல்வார். அறுவடைக் காலத்தில் காற்றில் பறக்கும் தூசியில் இதுவும் இருக்கிறது, மண்ணின் குவார்ட்ஸும் இருக்கிறது. குவார்ட்ஸ் நன்றாகக் கடினப்படுத்திய ஸ்டீலையே கீறும். போதாததற்கு, பல .22 தோட்டாக்களின் பற்றுக் கலவையில், உராய்ந்து தீப்பிடிக்கட்டும் என்று கண்ணாடித் தூள் சேர்ப்பது வழக்கம். சுட்ட பிறகு போல்ட் முகத்தில் படியும் கரியில் அதன் மிச்சமும் இருக்கும். தோட்டாவின் மேல் பூசிய மெழுகு இத்தனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசித் தேய்மானம் மெல்லிய, நேரான, ஒரே திசைக் கோடுகளாகத் தெரியும், பிசிறு எழும்பாது. உங்களுக்குப் பிசிறு எழும்பியிருப்பதால் தூசி தொடங்கி வைத்து, கடி முடித்து வைத்திருக்கலாம். படத்தைப் பார்த்தாலும் இதை அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

இப்போது ‘ஸ்டீல் மட்டம்’ என்ற தீர்ப்பு. நான் பரிசோதித்த பாகங்களில் இந்தப் புகாரோடு வந்தவை ஏராளம். பெரும்பாலும் இரும்பு சரியாக இருக்கும், சூடு போட்ட விதம்தான் பிசகியிருக்கும். போல்ட் போன்ற பாகங்களில் ஒரு வகை, கார்பன் குறைந்த ஸ்டீலில் செய்து, 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் கார்பன் ஏற்றி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி 150 முதல் 200 டிகிரியில் பதம் பார்ப்பது. பட்டறை மொழியில் கேஸ் ஹார்டனிங். மேலே அரை மில்லிமீட்டரை ஒட்டிய ஏடு ராக்வெல் சி என்ற கடின அளவையில் 58, 60 என்று கல்லாக இருக்கும், உள்ளே அதைவிட மென்மையாக, அடி தாங்குவதாக இருக்கும். அந்த ஏடு மெலிந்துபோனாலோ உள்பகுதி அளவுக்கு மேல் மென்மையாக இருந்தாலோ, தண்ணீர் வற்றிய வயலில் மேலேடு காய்ந்து அடியில் சேறாக இருக்கும்போது காலை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஏடு உள்ளே அமுங்கி நொறுங்கும். அந்த நிலையில் லக்கில் கீறலைவிட, சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்ந்த குழிகள் தெரியும்.

சூட்டுப் பிசகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் துப்பாக்கி வரலாற்றிலேயே பெரிய சாட்சி அமெரிக்காவின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள். 1917இல் சில ரைஃபிள்களின் ரிசீவர்கள், அதாவது போல்ட் உட்கார்ந்து பூட்டும் கூடுகள், சுடும்போதே வெடித்துச் சிதறின. விசாரித்தால், பட்டறையில் பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். உயர் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் வைத்து அளந்தபோது, பளீரென்று வெயில் அடிக்கும் நாளில் ‘சரியான நிறம்’ என்று கண் சொன்ன சூடு, மேகமூட்ட நாளின் அதே நிறத்தைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாக இருந்தது தெரிந்தது. அந்த மிகைச்சூட்டில் இரும்பின் மணிகள் பருத்து, பாகம் கண்ணாடியாக உடையும் நிலைக்கு வந்துவிட்டது. 1918இல் சூடு போடும் முறையையே மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000க்குக் கீழான எண் கொண்டவையும் ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507க்குக் கீழானவையும் இன்றைக்கும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படுகின்றன. எது கெட்டது, எது நல்லது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லாததுதான் காரணம். வாங்கிய இரும்பில் குற்றமில்லை. என் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அதற்காக மட்டமான ஸ்டீலே கிடையாது என்று சொல்லவில்லை. இருக்கிறது, மூன்று விதத்தில் பார்த்திருக்கிறேன். ஒன்று, ரகம் மாறிப்போவது. ஸ்டீல் கம்பியின் முனையில் ரகத்துக்கு ஒரு நிறம் பூசியிருப்பார்கள். பட்டறையில் அந்த நிறம் அடித்த முனையிலிருந்து அறுக்கத் தொடங்கினால், மிச்சக் கம்பி எது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. இ.என். 24 என்ற வலுவான கலப்பு ஸ்டீல் என்று நினைத்து, இ.என். 8 என்ற சாதாரணக் கார்பன் ஸ்டீலில் செய்த ஷாஃப்ட்டுகள் இப்படித்தான் பிறக்கின்றன. இரண்டு, கம்பியை உருட்டும்போதே விழுந்த மடிப்பும் வெடிப்பும். மூன்று, உள்ளே இருக்கும் அழுக்கு. லேத்தில் சுலபமாக வெட்டுப்படட்டும் என்று கந்தகம் கூட்டிய ஸ்டீல்களில் மாங்கனீஸ் சல்ஃபைடு நீள இழைகளாகக் கம்பியின் போக்கில் படுத்திருக்கும். போல்ட்டில் இது ஏன் ஆபத்து என்றால், லக் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பின்னால் தள்ளும் விசை, லக்கின் அடியில் போல்ட்டின் நீளவாக்கிலேயே அறுக்கப் பார்க்கும். அந்த இழைகளும் அதே திசையில்தான் ஓடுகின்றன.

அழுக்கு இருந்தாலே கெட்ட இரும்பு என்று முடிவு கட்டவும் கூடாது. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் கிடக்கும் பெரிய பீரங்கி, நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி இறக்கி, அடித்து ஒட்டிய வேலை. அந்தக் கால இரும்பில் கசடு இழைகள் ஏராளம். குழாயைப் பிளக்கப் பார்க்கும் விசையைத் தாங்குவதற்கு வளையங்களைச் சுற்றுவாக்கில் போட்டிருக்கிறார்கள், இழையும் அந்தச் சுற்றுவாக்கிலேயே போகும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும்போது ஒருமுறை ஏறிப் பாருங்கள், வளையங்கள் சேரும் இடங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஸ்டீலா, சூடா, தேய்மானமா என்று பிரித்தறிய என்ன செய்யலாம்? முதலில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லக்கின் அடி மூலை, காலித் தோட்டாவை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் பக்கம், பின் துளையின் ஓரம் ஆகியவை வெடிப்பு விரும்பும் இடங்கள். அமெரிக்க ராணுவத்தின் எம்-16 ரைஃபிள் போல்ட்டிலும் களைப்பு வெடிப்பு (திரும்பத் திரும்பப் பாரம் விழுவதால் வரும் வெடிப்பு) வருவது லக்குகளின் அடியிலும் கேம் பின் துளையிலும்தான். அந்தப் போல்ட்டைக் கார்பென்டர் 158 என்ற ஸ்டீலில் செய்து, காந்தத் துகள் சோதனையில் வெடிப்புக்குப் பார்க்கச் சொல்லும் ராணுவ விதி இதனால்தான். உங்கள் போல்ட்டுக்கும் காந்தத் துகள் சோதனையோ சாயம் ஊறவைத்துப் பார்க்கும் சோதனையோ போதும். பாகத்தை அழிக்காத, சீக்கிரம் முடிகிற வேலை. பாய்லர் தொழிலை நம்பிய பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதால் திருச்சியைச் சுற்றி இதற்கான ஆய்வகங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். உரிமம் பெற்ற வியாபாரி வழியாக, கடிதத்தோடு போகட்டும்.

அடுத்தது கடினச் சோதனை. சாதாரண ராக்வெல் சி சோதனை 150 கிலோ பாரத்தில் வைர முனையை இறக்கும். மெல்லிய ஏடு என்றால் முனை அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், அடியிலுள்ள மென்மையான பகுதியின் கடினத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும். அப்புறம் ‘ஹார்ட்னஸே இல்லை, ஸ்டீல் மட்டம்’ என்று ரிப்போர்ட் வரும். 15 கிலோ பாரத்தில் பார்க்கும் 15என் அளவையோ, இன்னும் சின்னப் பாரத்தில் அளக்கும் மைக்ரோ விக்கர்ஸோ கேளுங்கள். உரசாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அரம் போட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள்.

வெல்டு வைக்கலாமா? வேண்டவே வேண்டாம். இதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. வெல்டு விழும் இடத்தை ஒட்டிய பகுதி 720 டிகிரியைத் தாண்டிச் சூடேறி, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் சூட்டைச் சட்டென உறிஞ்சுவதால் பதம் பார்க்காத, நொறுங்கும் கட்டமைப்பாக மாறும். அதற்கு அடுத்த வளையம் 300, 400 டிகிரி சூட்டில் இருந்த கடினத்தையும் இழக்கும். ஒரு விரலளவு பாகத்தில் உடையும் பகுதியும் அமுங்கும் பகுதியும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அரைத்துப் பளபளப்பாக்கிக் கையில் கொடுத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவதும் சரியில்லை. அரை மில்லிமீட்டர் ஏட்டில்தான் உயிரே இருக்கிறது, அதையே சுரண்டிவிடுவோம், ஹெட்ஸ்பேஸும் கூடும். பிசிறு மட்டும் எழும்பியிருந்தால் ஆர்மரர் மிக நுண்ணிய கல்லில் மேட்டை மட்டும் தொட்டு எடுப்பார், அதோடு நிறுத்துவார்.

ஹார்டு குரோம் அவ்வளவு மோசமான யோசனை இல்லை, ஆனால் இங்கே பொருந்தாது. முலாம் தொட்டியில் ஹைட்ரஜன் உண்டாகி, கடினமான ஸ்டீலுக்குள் புகுந்துவிடும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 190 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெகுநேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். பதம் பார்த்த சூடு அதைவிடக் குறைவு என்றால் அந்தச் சுடுதலே ஏட்டைக் கொஞ்சம் மென்மையாக்கும். வெளியேற்றாமல் விட்டால் பாகம் நாலைந்து நாள் நன்றாக இருந்துவிட்டு, பாரம் விழும் ஒரு நேரத்தில் முன்னறிவிப்பில்லாமல் விரியும். சைக்கிள் பாகத்துக்கு முலாம் போடும் தொட்டியில் இந்தக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. முலாத்தின் பருமன் அளவையும் மாற்றிவிடும்.

வெடிப்பு இல்லை, ஹெட்ஸ்பேஸ் அளவுக்குள் இருக்கிறது, கடி லேசானது என்று வந்தால், பெரும்பாலும் துடைப்பதிலும் கிரீஸிலும் விஷயம் முடிந்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் துருவுக்குக் காவல், லக்கின் அழுத்தத்துக்குத் தாங்காது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த, அழுத்தம் தாங்கும் கிரீஸைத் தீக்குச்சித் தலையளவு எடுத்து லக்கின் பின்முகத்திலும் கேம் சரிவிலும் மட்டும் தடவுங்கள். போல்ட் முகத்திலும் தோட்டா உட்காரும் அறையிலும் ஒட்டக் கூடாது. கிரீஸ் தூசியைப் பிடிக்கும். ஆகவே சுட்ட நாளெல்லாம் பழையதைத் துடைத்தெடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியின் நுரைப் பஞ்சு ஈரம் குடித்து வைத்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போட்டிக்குப் போய் வந்தால் உப்புக் காற்றும் சேரும். துருக்குழி ஒன்று விழுந்தால் களைப்பு வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். மழைக்காலத்தில் துப்பாக்கியை நுரைப்பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், சட்டப்படி பாதுகாப்பான அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

வெடிப்போ, அமுங்கிய குழியோ, கூடிப்போன ஹெட்ஸ்பேஸோ தெரிந்தால் போல்ட்டை மாற்றுவது ஒன்றே வழி. அதே மாடல் பழைய துப்பாக்கியிலிருந்து போல்ட்டை வாங்கிச் சொருகிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே போகும், பூட்டும், சுடவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் தன் ரிசீவரோடு சேர்த்து அளவு பார்க்கப்பட்டது. தேய்ந்தது ரிசீவரின் உள்முகமாக இருந்தால் புதுப் போல்ட்டும் அதே இடத்தில்தான் போய் உட்காரும். தயாரிப்பாளரின் முகவர் வழியாகத் துப்பாக்கியோடு அனுப்பி, கேஜில் அளந்து பொருத்தி வாங்குங்கள். வர மாதங்கள் ஆகலாம். அதுவரை மகள் கிளப்பின் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பயிற்சியைத் தொடரட்டும். படுத்துச் சுடும் நிலை அதில் இல்லையே தவிர, மூச்சும் குறியும் விசை இழுப்பும் கைவிட்டுப் போகாது. இரண்டு லக்கின் பின்முகத்தையும் கேம் சரிவையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, ஐந்தாறு காலித் தோட்டாக்களின் அடிப்பாகப் படத்தோடு போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.